போர் பண்ணாமல் போட்ட நாலு பிஸ்டன்

1. கிணத்துக்கடவு ஏற்றம்

மார்கழி மாதம், வியாழக்கிழமை. பொள்ளாச்சியில் சந்தை நாள். கோயமுத்தூரிலிருந்து புறப்பட்ட சென்னியப்பக் கவுண்டரின் பஸ் கிணத்துக்கடவுக்கு ஒரு மைல் முன்னால், சின்ன ஏற்றம் ஒன்றின் பாதியில் நின்றுவிட்டது. பெட்ரோல் தீர்ந்தால் வண்டி மெதுவாக நிற்கும். இது அப்படி நிற்கவில்லை. பின்சக்கரம் இரண்டும் மண்ணைக் கீறிக்கொண்டு ஒரே இழுப்பில் நின்றது. உள்ளே இருந்த சனம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். தேங்காய் வியாபாரி ஒருவருக்கு முன்பல் இரண்டு ஆடிப்போயிற்று.

அந்த எஞ்சினுக்குப் புது பிஸ்டன் போட்டு ஆறு நாள்தான் ஆகியிருந்தது. போட்டது நாங்கள். என் பெயர் ஆறுமுகம். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. துடியலூர் போகிற ரோட்டில் வேலுச்சாமி என்பவர் வைத்திருந்த மோட்டார் பட்டறையில் ஃபிட்டர் வேலை. அதற்கு முன் ஒரு மில்லில் டர்னராக இருந்தவன். மில்லிலிருந்து வரும்போது நான் கொண்டுவந்த சொத்து, சொந்தமாக வாங்கிய மைக்ரோமீட்டர் இரண்டு. பட்டறையில் அந்த மாதிரிச் சாமான் வேறு யாரிடமும் இல்லை. யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை. எல்லாரும் கண்ணாலேயே அளக்கிற மேதைகள்.

கண்டக்டர் எதிரே வந்த பஸ்ஸில் ஏறி, அன்று வேறு வேலையாகப் பக்கத்து ஊருக்கு வந்திருந்த எங்களிடம் ஓடிவந்து செய்தி சொன்னான். நானும் வேலுச்சாமியும் டூல் பெட்டியோடு அடுத்த பஸ்ஸில் போய் இறங்கினோம். பயணிகள் எல்லாம் வேறு வண்டி பிடித்துப் போயிருந்தார்கள். டிரைவர் மயில்சாமி மட்டும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நாற்பது வயது, ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டார்.

"என்னாச்சு?" என்றார் வேலுச்சாமி.

"திடீர்னு இறுக்கிப் புடிச்சுருச்சுங்க. சத்தமே இல்லீங்க. ஏத்தத்துல சித்தெ இழுக்க மாட்டாம இழுத்துது, அப்பறம் நின்னுபோச்சு."

"தண்ணி ஊத்துனயா?"

"வழியில மண்டபத்துக்கிட்ட நிறுத்தி ஊத்துனனுங்க. இப்பவும் இருக்குது, பாருங்க."

நான் ரேடியேட்டர் மூடியைத் துணி சுற்றித் திருகித் திறந்தேன். ஆவி வந்தது. உள்ளே தண்ணீர் கழுத்துக்கு இரண்டு விரல் கீழே நின்றது. என் கண்ணால் பார்த்தேன். மூடியைத் திரும்ப வைத்தேன்.

இதற்கு மேலே சொல்வதற்கு முன், அந்த நாலு பிஸ்டன் எப்படி உள்ளே போயிற்று என்பதைச் சொல்லியாக வேண்டும்.

2. துரைராஜின் காகிதம்

அந்தக் காலத்தில் கோயமுத்தூர்-பொள்ளாச்சி ரோட்டில் பஸ் முதலாளிகளுக்கு இடையே போட்டி. யார் வண்டி முன்னால் போகிறதோ, அதற்குத்தான் ஆள் ஏறும். சென்னியப்பக் கவுண்டருக்கு இரண்டு பஸ். நெகமம் பக்கத்தில் தோட்டம், வெற்றிலைக் கொடிக்கால் என்று வசதியான குடும்பம். எதிர்க் கம்பெனி வண்டி ஒன்று அவருடைய வண்டியை ஏற்றத்தில் தாண்டிப் போகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் பழைய வார்ப்பிரும்பு பிஸ்டனை எடுத்துவிட்டு அலுமினிய பிஸ்டன் போட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில் மெட்ராஸிலிருந்து துரைராஜ் என்று ஒரு ஏஜென்டு வந்தார். கோட்டு, தொப்பி, கையில் பளபளப்பான காகிதம். பட்டறை பெஞ்சில் கைக்குட்டை விரித்து உட்கார்ந்து, காகிதத்தின் முதல் பக்கத்தை இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னார்.

"எடை பாதி. வேகம் ஒண்ணரை மடங்கு. பழைய பிஸ்டன் இருந்த இடத்துல அப்படியே மாட்டிக்கலாம். எந்த மெஷின் வேலையும் தேவையில்லை."

"தேவையே இல்லீங்களா?" என்றார் கவுண்டர்.

"கம்பெனியே அச்சடிச்சிருக்கான் சார்."

அச்சில் வந்தால் வேதம் என்று நினைப்பவர்களை நான் பிறகும் நிறையப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பார்த்தது முதல் தடவை.

எஞ்சினைத் திறந்தோம். நான் சிலிண்டரை அளந்தேன். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்குக்குப் பட்டறையில் 'தவ்' என்று பெயர். ஒரு தலைமுடியில் இரண்டு மூன்று தவ் இருக்கும். சிலிண்டர் மேலே ஒன்பது தவ் தேய்ந்திருந்தது, கீழே நாலு. வட்டமாக இருக்கவேண்டியது முட்டை வடிவத்தில் இருந்தது. மேல் விளிம்பில், பிஸ்டனைச் சுற்றி மாட்டுகிற ரிங் படாத இடத்தில் ஒரு வரம்பு, நகத்தை வைத்து இழுத்தால் தட்டும். துரைராஜ் கொண்டுவந்த பிஸ்டனோ பத்து தவ் பெரிய அளவு. அது ஒன்றுதான் கைவசம் இருந்ததாம்.

நான் வேலுச்சாமியிடம் சொன்னேன்: "இதைப் போர் பண்ணாம போடக் கூடாதுங்க. சிலிண்டரை மெஷின்ல நேரா கடைஞ்சு, பிஸ்டனுக்குத் தக்க இடைவெளி வெச்சுத்தான் போடோணும். சூட்டுல அலுமினியம் இரும்பை விட நெம்ப உப்பும்."

அப்போது ஊரில் சிலிண்டர் போர் பண்ணுகிற மெஷின் வைத்திருந்தவர் ஒரே ஒருவர். வேலுச்சாமிக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஒரு காலத்தில் இருவரும் ஒரே இடத்தில் வேலை செய்தவர்கள். அவரிடம் சிலிண்டர் இருக்கிற பிளாக்கைக் கொடுத்தால் பத்து நாள் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது கூடப் பெரிதில்லை. கேட்டுக்கொண்டு போய் நிற்க வேண்டும்.

"அவன் பட்டறை வாசல்ல நான் போயி நிக்கறதா? என் கை வேலைய விட அவன் மெஷின் பெருசா? இருவது வருஷமா பிஸ்டன் மாட்டறேன். பாத்தாலே தெரியுது எனக்கு."

"அளந்து பாத்ததுல..."

"உன் அளவெல்லாம் மில்லோட வெச்சுக்கோ."

கவுண்டருக்கோ பத்து நாள் வண்டி நின்றால் ரோடே கைவிட்டுப் போய்விடும் என்று பயம். "காயிதத்துலயே தேவையில்லீன்னு போட்டிருக்குதுங்களே தம்பி, நீங்க எதுக்குக் கெடந்து பயப்படறீங்க?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை. மரக்கட்டையில் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான எமரித் துணியைச் சுற்றி டிரில்லில் மாட்டி, சிலிண்டருக்குள் விட்டுத் தேய்த்தோம். மூன்று நாள். தேய்த்தது யார்? நான்தான். பிஸ்டனைத் தலைகீழாக விட்டால் தானே மெதுவாக இறங்குகிற அளவு வந்ததும் வேலுச்சாமி கையைத் தட்டினார். "பாத்தயா, கண்ணாடி மாதிரி. இறுக்கமா இருந்தாத்தான் பவரு."

இறுக்கமாக இருந்தால் பவர் என்பது இந்தத் தொழிலில் நான் கேட்ட முட்டாள்தனங்களில் மிகவும் பிரபலமானது. இன்றைக்கும் அதற்கு மவுசு குறையவில்லை.

வண்டி ஓடியது. பனிக்காலம், அதிகாலையில் முதல் டிரிப், பாதி ஆள். எதிர்க் கம்பெனி வண்டியை இரண்டு தடவை தாண்டியும் விட்டது. கவுண்டர் பட்டறைக்கு ஒரு கூடை வெற்றிலை அனுப்பினார். துரைராஜ் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். ஆறாம் நாள் நடுப்பகலில், சந்தைக் கூட்டம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு ஏற்றம் ஏறியபோதுதான் எஞ்சின் முழுச் சூடு கண்டது.

3. கவனிக்கவில்லை

ரோட்டில் நின்ற வண்டிக்கு வருகிறேன்.

வேலுச்சாமி ஹேண்டிலைப் போட்டுத் திருகிப் பார்த்தார். இரும்புத் தூணைத் திருகுவது போல இருந்தது. மயில்சாமியைப் பார்த்து, "நீ போயி முதலாளியக் கூட்டிட்டு வா. வண்டிய ஓரங்கட்ட ரெண்டு ஜோடி மாடும் வேணும்" என்றார். மயில்சாமி அந்தப் பக்கம் போன ஒரு மாட்டுவண்டியில் ஏறிப் போனார்.

அரை மணி நேரம் கழித்து வேலுச்சாமி ஹேண்டிலை மறுபடி பிடித்தார். இப்போது கால் சுற்று அசைந்தது. அவருக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. சூட்டில் உப்பிச் சிலிண்டரைக் கவ்விப் பிடித்த பிஸ்டன், ஆறினதும் சுருங்கிப் பிடியை விடுகிறது. இதில் டிரைவர் செய்த தப்பு எதுவும் இல்லை. தப்பு முழுக்க எங்கள் பட்டறையில் மூன்று நாள் உட்கார்ந்து செய்தது.

வேலுச்சாமி ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்பக்கம் குனிந்து, ரேடியேட்டர் அடியில் இருந்த குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் கொட்டியது. புழுதி மண் உறிஞ்சியது. முழுக்க வடிந்ததும் குழாயை மூடினார். மேலே காய்ந்த மண்ணைக் காலால் தள்ளிப் பரப்பினார்.

"என்னங்க இது?" என்றேன்.

"சூட்டுக்குத் தண்ணிய மாத்தறேன்," என்றார். மாற்றுவதற்கு வேறு தண்ணீர் அங்கே இல்லை. என்னைப் பார்க்காமலே சொன்னார்: "வாயத் தொறந்தா நாளைக்கு மில்லு வாசல்ல போயி நில்லு. எமரி தேச்சது உன் கையி."

கவுண்டர் வில்வண்டியில் வந்து இறங்கினார். மயில்சாமி பின்னால். வேலுச்சாமி ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஒரு வேப்பங்குச்சியை உள்ளே விட்டு எடுத்துக் காட்டினார். குச்சியின் நுனியில் மட்டும் லேசாக ஈரம்.

"பாருங்க. சொட்டுத் தண்ணி இல்லாம ஓட்டியிருக்கானுங்க. உங்க புது பிஸ்டன் போச்சு."

மயில்சாமி அந்தக் குச்சியை வாங்கிப் பார்த்தார். "இருந்துச்சுங்க. மண்டபத்துல ஊத்துனனுங்க. நான் போறப்பக் கூட இருந்துதுங்க. இந்தத் தம்பிதாங்க மூடியத் தொறந்து பாத்தாரு."

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏனுங்க தம்பி, நீங்க பாத்தீங்களா?" என்றார் கவுண்டர். மிகவும் மரியாதையான மனிதர்.

நானும் மரியாதையாகவே பதில் சொன்னேன். "கவனிக்கலீங்க."

ஒரு பொய்யை 'ங்க' போட்டுச் சொல்வதற்கு எங்கள் ஊரில் எந்தச் சிரமமும் இல்லை. கல்யாணம் ஆகி எட்டு மாதம், வீட்டில் கர்ப்பமான பெண், வேலை போனால் வேறு பட்டறை கிடையாது என்று என்னிடம் காரணங்கள் இருந்தன. எல்லாம் நல்ல காரணங்கள். கேவலமான காரியம் செய்கிற எவனிடமும் மோசமான காரணம் இருந்து நான் பார்த்ததில்லை.

கவுண்டர் சத்தம் போடவில்லை. "மயிலு, நாளையிலிருந்து நீ வரவேண்டாங்கண்ணு," என்றார். அவ்வளவுதான். மயில்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து வண்டிச் சாவியைத் துடைத்து அவர் கையில் கொடுத்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்பது போலப் பார்த்தார்.

4. வத்தல்

மறுநாள் வண்டியை லாரியில் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். சிலிண்டர் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டரில் அலுமினியம் வழித்து அப்பியிருந்தது. ஒன்றும் நாலும் அவ்வளவு மோசமில்லை. ரிங் எல்லாம் வரம்பில் இடித்துத் துண்டு துண்டாகக் கிடந்தது. தண்ணீர் இல்லாமல் ஓடிய எஞ்சினில் ஹெட் வளைந்திருக்க வேண்டும், அதன் அடியில் வைக்கிற கேஸ்கட் கருகியிருக்க வேண்டும். இதில் கேஸ்கட் புத்தம் புதிதாக இருந்தது. அதை வேலுச்சாமி சுருட்டி அடுப்பில் போட்டார்.

செய்தி பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஒரு நாள்கூட ஆகவில்லை. தண்ணீர் ஊற்றாமல் எஞ்சினைக் கொன்றவன் என்று மயில்சாமிக்குப் பெயர். கள் குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஒருவன் சேர்த்துக்கொண்டான். அவர் கள்ளைத் தொட்டதில்லை. போத்தனூர் வண்டி, பழனி வண்டி என்று வேலை கேட்டுப் போன இடமெல்லாம், "உங்களுக்கு என்னங்க, நீங்க நெம்ப அனுபவஸ்தரு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் திரும்பினதும் சிரித்தார்கள். ரேடியேட்டரைக் காயவைத்தவர் என்பதால் 'வத்தல்' என்று ஒரு பெயர் வைத்தார்கள். வைத்தவன் என்னிடமே அதைச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

இதெல்லாம் இதோடு முடிந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். உத்தமனாக மாறினேன் என்று இப்போது எழுதிக்கொள்ள எனக்கு ஆசை இல்லை. நடந்தது வேறு. எங்கள் பொய் கவுண்டர் மனதில் நன்றாக வேலை செய்தது. தப்பு டிரைவருடையது என்றால் பிஸ்டனில் தப்பில்லை. பிஸ்டனில் தப்பில்லை என்றால் இரண்டாவது பஸ்ஸுக்கும் அதையே போடலாம். அந்தக் கணக்கில் எந்த ஓட்டையும் இல்லை. துரைராஜுக்குத் தந்தி கொடுத்து இன்னும் இரண்டு செட் வரவழைத்துவிட்டார்.

அந்த இரண்டாவது பஸ், பொள்ளாச்சியிலிருந்து பழனி போவது. தைப்பூசம் வருகிறது. காவடிக் கூட்டம் கூரை மேல் வரை உட்காரும். முதல் வண்டி ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது இறுகியதால் ஒருவருக்குப் பல் ஆடியது. இறக்கத்தில், வேகத்தில் அந்தச் சக்கரம் இறுகினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது பஸ் வருவதற்கு முதல் நாள், துரைராஜ் விட்டுப்போன காகிதம் பட்டறைச் சுவர் ஆணியில் குத்தித் தொங்கியதை எடுத்தேன். கை துடைக்கத்தான் எடுத்தேன். திருப்பினால் பின்பக்கத்தில் ஒரு அட்டவணை. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் அளவு எந்த மொழியிலும் அளவுதான். எங்கள் எஞ்சினின் சிலிண்டர் அளவுக்கு நேரே, பிஸ்டனுக்கும் சுவருக்கும் விடவேண்டிய இடைவெளி ஆறு தவ் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி. எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். மெஷின் வேலை தேவையில்லை என்பது நேராகவும் வட்டமாகவும் இருக்கிற சிலிண்டருக்கு மட்டும், மற்றதெல்லாம் போர் பண்ணித்தான் போடவேண்டும் என்றுதான் இருந்தது.

காகிதம் பொய் சொல்லவில்லை. ஏஜென்டு, பட்டறைக்காரர், முதலாளி என்று மூன்று பெரிய மனிதர்களின் கை மாறியிருக்கிறது, ஒருத்தர்கூட அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. நான் மூன்று நாள் அதன் பக்கத்தில் நின்று எமரித் துணி உதறியிருக்கிறேன்.

5. இரண்டாவது பஸ்

காலை எட்டு மணிக்கு வண்டி வந்தது. கவுண்டரும் கூடவே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வேலுச்சாமி புது செட்டைப் பிரித்துவைத்து, "எமரியச் சுத்து, ஆறுமுகம்" என்றார்.

நான் ஹெட்டைக் கழற்றினேன். மைக்ரோமீட்டரை எடுத்து நாலு சிலிண்டரையும் மேலே, நடுவில், கீழே என்று அளந்தேன். ஒவ்வொன்றையும் சாக்பீஸால் பிளாக்கின் மேல் எழுதினேன். வேலுச்சாமி பல்லைக் கடித்தார்.

"இன்னும் எத்தனை நேரம் படம் போடுவ?"

நான் கவுண்டரிடம் சொன்னேன். "இந்த வண்டிக்குப் பிஸ்டனே வேண்டாங்க. ரெண்டே தவ்தான் தேஞ்சிருக்குது. வட்டமா இருக்குதுங்க. ரிங்கு மாத்தி வால்வு தேச்சாப் போதும். போர் பண்ணவும் வேண்டாம், எமரி தேய்க்கவும் வேண்டாம்."

கவுண்டர் நெற்றியைச் சுருக்கினார். "அந்த வண்டிக்குப் போர் பண்ணோணும்னீங்க. இந்த வண்டிக்கு வேண்டாங்கறீங்க. வாய்க்கு வந்தபடி பேசறீங்களா தம்பி?"

"அளந்தபடி பேசறனுங்க. அது தேஞ்ச சிலிண்டரு, இது தேயாத சிலிண்டரு."

முதல் வண்டியின் பிளாக் அதே பெஞ்சில் கிடந்தது. அதன் நாலாவது பிஸ்டனை எடுத்துத் துடைத்து அந்தச் சிலிண்டரிலேயே விட்டேன். ஃபீலர் கேஜ் என்பது அளவு குறித்த மெல்லிய தகடுகளின் கட்டு. இரண்டு தவ் தகடு பிஸ்டன் பக்கத்தில் உள்ளே போயிற்று. மூன்று போகவில்லை. தகட்டைக் கவுண்டரின் கையிலேயே கொடுத்தேன். அவரே தள்ளிப் பார்த்தார். பிறகு காகிதத்தின் பின்பக்கத்தைக் காட்டினேன்.

"ஆறு இருக்கோணுங்க. நாங்க விட்டது ரெண்டு."

"அப்ப தண்ணி?"

வேலுச்சாமி இடையில் வந்தார். "தண்ணி இல்லாததுனாலதானுங்க..."

"தண்ணி இருந்துதுங்க," என்றேன். "நான் பாத்தேன். கழுத்துக்கு ரெண்டு விரல் கீழ. மயில்சாமி அண்ணன் உங்களைக் கூப்பிடப் போன பொறவு, இவரு அடிக்குழாயத் தொறந்து உட்டுட்டாருங்க. நான் பக்கத்துலயே நின்னேன்."

கவுண்டர் வேலுச்சாமியைப் பார்த்தார்.

"தொறந்து உட்டீங்களா?"

"சூடா இருந்துச்சுங்க, எஞ்சினக் காப்பாத்தலாம்னு..."

"மண்ண எதுக்கு இழுத்து மூடுனீங்க?"

அதை நான் சொல்லவே இல்லை. அன்றைக்கு அவரே பார்த்திருக்கிறார். ஈரமான மண்ணையும் பார்த்திருக்கிறார், பார்த்தும் கேட்காமல் இருந்திருக்கிறார். டிரைவரை அனுப்புவது பட்டறைக்காரனோடு சண்டை போடுவதை விடச் சுலபம். பார்த்தும் பார்க்காததுபோல இருக்கிற சாமர்த்தியம் எனக்கு மட்டும்தான் உண்டு என்று நினைத்திருந்தேன். பெரிய இடத்திலும் அது இருந்திருக்கிறது.

கவுண்டர் என் பக்கம் திரும்பினார். "அன்னைக்குக் கேட்டப்ப வாயில என்ன வெச்சிருந்தீங்க?"

நான் மைக்ரோமீட்டரைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

"ரெண்டு பேரும் ஒரே பட்டறை ஆளுகதான்," என்றார். அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆளை வைத்து இரண்டு எஞ்சினையும் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போனார். முதல் பிளாக் போர் மெஷின்காரரிடமே போயிற்று. அவர் கடைந்து, ஆறு தவ் விட்டு, புது செட் மாட்டிக் கொடுத்தார். அந்த எஞ்சின் பல வருஷம் ஓடியது. இரண்டாவது பஸ் ரிங் மட்டும் மாற்றித் தைப்பூசத்துக்குப் போய்வந்தது.

வேலுச்சாமி என்னை அன்று மாலையே போகச் சொல்லிவிட்டார். போகும்போது, "மெஷின்காரன் உனக்கு என்ன குடுத்தான்?" என்று கேட்டார். அளவு என்பதை ஒருவன் யாரிடமும் எதுவும் வாங்காமல் சொல்லுவான் என்பது அந்த மனிதருக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

6. கொப்பரைக் களத்தில்

மயில்சாமி பொள்ளாச்சியில் ஒரு கொப்பரைக் களத்தில் மூட்டை சுமக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, மறுநாள் போனேன். வெயிலில் தேங்காய்ப் பருப்பு காயப்போட்டிருந்த இடத்தில், தலையில் சாக்கு மடித்துப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். கவுண்டரிடம் சொல்லிவிட்டேன் என்றேன். என்ன சொன்னேன் என்பதையும் வரிசையாகச் சொன்னேன்.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, "எத்தன நாளுங்க ஆச்சு?" என்றார்.

"பதினேழு நாளுங்க."

"அன்னைக்கு நீங்க சொல்லிப்போடுவீங்கன்னு அங்கயே நின்னேனுங்க. வில்வண்டி போன பொறவும் சித்தெ நேரம் நின்னேன். பொறவு எம்பொண்ணுகிட்டப் போயி, நான் தண்ணி ஊத்துனனான்னு எனக்கே சந்தேகமா இருக்குது கண்ணுன்னு சொன்னேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையிலிருந்த சாக்கைச் சரிசெய்துகொண்டார். "மூட்ட கெடக்குதுங்க, வாரேன்," என்று போய்விட்டார்.

இருபது வருஷம் ஓட்டியவனுக்குத் தன் கையால் தண்ணீர் ஊற்றியதே சந்தேகமாகிவிட்டது. நாங்கள் செய்ததில் மிகப் பெரிய சேதம் அதுதான். பிஸ்டனுக்கு வேறு பிஸ்டன் வாங்கலாம்.

கவுண்டர் ஆள் அனுப்பி மயில்சாமியைத் திரும்ப அழைத்துக்கொண்டார். அவர் வந்தார், ஓட்டினார். உண்மை என்னவென்று ஸ்டாண்டில் எல்லாருக்கும் தெரிந்தது. ஆனாலும் 'வத்தல்' என்ற பெயர் போகவில்லை. பின்னால் வந்த கண்டக்டர்கள், ஆள் ஒல்லியாக இருப்பதால் அப்படி ஒரு பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தப் பார்த்தேன். "அட, தமாசுக்குத்தானுங்க," என்பார்கள். யாருக்குத் தமாஷ் என்று கேட்டால் விசில் ஊதிக்கொண்டு வண்டியில் ஏறிவிடுவார்கள்.

நான் பிறகு சொந்தமாகப் பட்டறை வைத்தேன். போர் மெஷினும் வாங்கினேன். மெஷின் வந்த முதல் வருஷத்திலேயே இன்னொரு வகை முட்டாள்தனத்தைப் பார்த்தேன். மெஷின் இருக்கிறதே என்று, தேவை இருக்கிறதோ இல்லையோ, வந்த பிளாக்கை எல்லாம் கடைகிற பட்டறைக்காரர்கள். நல்ல சிலிண்டரைக் கடைந்து சுவரை மெல்லிசாக்கி, தண்ணீர் ஓடுகிற அறைக்கே ஓட்டை போட்ட ஆட்களை எனக்குத் தெரியும். மெஷினே வேண்டாம் என்ற வேலுச்சாமிக்கும் எல்லாவற்றுக்கும் மெஷின்தான் என்கிற இவர்களுக்கும் வித்தியாசம் எதுவும் இல்லை. இரண்டு பேரும் எஞ்சினைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டவர்கள்.

இப்போது பட்டறையை என் மகன் பார்க்கிறான். நான் சாயங்காலம் போய்ச் சும்மா உட்காருவேன். போன மாதம் ஒருவர் புது பிஸ்டன் செட்டும் கலர் கலராக ஒரு காகிதமும் கொண்டுவந்தார். "இதை அப்படியே போட்டுக்கலாமாமுங்க. போர் பண்ணோணுமா, வேண்டாமுங்களா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க," என்றேன்.

"இத்தனை வருஷ அனுபவம், தெரியாதுங்கறீங்க?"

"அளக்காம எப்படிங்க தெரியும்? வண்டிய யாரு ஓட்டறாங்க?"

"டிரைவரு வெளிய நிக்கறாருங்க."

"அவர உள்ள வரச் சொல்லுங்க. அவரு முன்னால தொறந்து அளந்து, அளவ அவருகிட்டயும் சொல்றோம். பொறவு உங்ககிட்டச் சொல்றோம்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. பிஸ்டனைக் கட்டி எடுத்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விட்டார். போகட்டும்.